பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன்

சேலையூர்
22-4-2025, செவ்வாய்

ஸ்ரீ

சின்மயிக்கு அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். வெயில்தான் தாங்கவில்லை. உன்னுடன் பேசி ஐந்து வாரம் ஆகிறது. நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரிந்திருக்காது. அப்பா அன்றைக்கு என்னைப் பெருமாள் முன்னால் நிறுத்தி, "நான் சொல்ற வரைக்கும் அவளோட பேச மாட்டேன்னு சொல்லு" என்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப்பும் பேச்சுதான், நீ உடனுக்குடன் பதில் போடுகிறாய். கடிதம் பேச்சில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த டூர் கம்பெனிக்காரன் நம் வீட்டு விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பிய காகிதம் இரண்டு தாள். நான் முதல் தாளை மட்டும்தான் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் எலோப்மெண்ட் என்று இருந்தது. உன் பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். வீட்டாருக்குத் தெரியாமல் காதலருடன் ஓடிப்போதல் என்று போட்டிருந்தது. அதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓடிப்போகிறவள் எதற்கு வீட்டு விலாசம் கொடுக்கப்போகிறாள் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்குப் பால் வாங்கின நாளையெல்லாம் எழுதி வைக்க, ஒருபக்கத் தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். அது அந்தக் கூரியரின் இரண்டாவது தாள். சாட்சிகள் என்று போட்டு, ஒன்று என். கஸ்தூரிரங்கன், இரண்டு நாகலக்ஷ்மி கஸ்தூரிரங்கன் என்று இருந்தது. உறவு என்ற இடத்தில் பெண்ணின் பெற்றோர்.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வருத்தமும் இல்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குக்கர் ஏழு விசில் போய்விட்டது.

ஒன்று மட்டும் தெரியணும். நாங்கள் வரணும் என்றுதான் எங்கள் பெயரைப் போட்டாயா, இல்லை பாரத்தில் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று போட்டாயா?

அம்மா

*

சண்டிகர்
1-5-2025

அம்மா,

உன் லெட்டரைப் பிரிச்சதும் நான் முதல்ல பார்த்தது நீ எழுதினதை இல்லை. அது மடிஞ்சிருந்த விதத்துல பின்பக்கம்தான் மேலே இருந்தது. தங்கக் கலர்ல பிள்ளையார், கீழே என் பேர், அந்த ஆளோட பேர், மண்டபத்தோட பேர். போன வருஷம் நடக்காத என் கல்யாணத்தோட பத்திரிகை. அதோட முதுகுலதான் எனக்கு லெட்டர் எழுதியிருக்கே.

நீ வேணும்னு பண்ணலைன்னு தெரியும். ஒருபக்கம் வெள்ளையா இருந்தா உனக்கு அது பேப்பர். ஆனா அதை மேஜையில வச்சுட்டு நானும் உன்னை மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட வரலை. அனிருத்தான், "உங்கம்மா ஸ்டைலே தனி"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் தெரியாம மடிச்சு வச்சான்.

மார்ச்ல அப்பாகிட்ட போன்ல சொல்ல வந்தேன். எடுத்த உடனே "எப்ப ஓடப்போறே"ன்னு கேட்டார். லீவு அப்ளை பண்ணிட்டு யாராவது ஓடுவாங்களா? இப்பல்லாம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. கூட்டம் இல்லாம, ரெண்டு பேரும், வேண்டியவங்க ஒண்ணு ரெண்டு பேரும் மட்டும் போய்ப் பண்ணிக்கற கல்யாணம். போட்டோக்காரங்க வச்ச பேர். உன் டிக்‌ஷனரி நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது வாங்கினது.

கல்யாணத்துக்கு ஏன் அந்த ஏரின்னு நீ கேட்கலை, ஆனா கேட்பே. போன அக்டோபர்ல ஆபீஸ்ல நாங்க எல்லாரும், அனிருத்தும்தான், ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிதி போனோம். சந்திரதால்னு ஒரு ஏரி, பதினாலாயிரம் அடி. மரம் இல்லை, வீடு இல்லை, கல்லும் தண்ணியும்தான். நான் செருப்பைக் கழட்டிட்டு இறங்கினேன். ரெண்டு நிமிஷத்துல கால் மரத்துப்போச்சு. அம்மா, அந்தக் கல்யாணம் நின்னதுல இருந்து எனக்கு எதுவும் தோணறதே இல்லை. சாப்பிட்டா சாப்பாடு, தூங்கினா தூக்கம். கால் மரத்துப்போனது மட்டும்தான் அத்தனை மாசத்துல எனக்குத் தெரிஞ்சுது. கரையில நின்னு அனிருத் என் செருப்பைப் பிடிச்சிண்டிருந்தான். கல்யாணம்னா இங்கதான்னு அப்ப நினைச்சேன்.

நீங்க வரணும்னுதான் பேர் போட்டேன். அப்பா பேரை முதல்ல போட்டேன்.

சின்மயி

*

சேலையூர்
9-5-2025, வெள்ளி

ஸ்ரீ

சின்மயிக்கு,

பத்திரிகை விஷயம் தப்புத்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு இருக்கிறது. கெட்டியான தாள், மை ஊறாது. ஒரு வருஷமாக மளிகை சாமான் எல்லாம் அதில்தான் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் பார்ப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக் காலண்டர் தாளில் எழுதுகிறேன். பின்னால் ராகுகாலம்தான் இருக்கிறது.

அந்தக் கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் அவர்கள் போன் பண்ணி, பையனுக்கு இஷ்டமில்லையாம் என்றார்கள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்தான் வீடு வீடாகப் போனேன். இதை உனக்குச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு அழைக்கப் போகும்போது குங்குமச் சிமிழ் எடுத்துக்கொண்டு போகிறோம். வரவேண்டாம் என்று சொல்லப் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போவது? வெறுங்கையோடு போய் வாசலிலேயே நின்று சொன்னேன். ஒரு வீட்டில் விஷயம் புரியாமல் எனக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் அப்பா அதே மண்டபம் வேண்டும் என்கிறார். அதே மனுஷர்கள், அதே ஐநூறு பேர், அதே வாசல். பையன் அனிருத் என்றால் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. "பக்கத்து ஸ்டேஷன் பெருங்களத்தூர்ப் பையனைப் பிடிக்க சண்டிகர் வரைக்கும் போகணுமா" என்று ஒருநாள் சொன்னார், அதில் சிரிப்பு இருந்தது. ஆனால் மலை மேல் போய் யாருக்கும் தெரியாமல் தாலி கட்டினால், முதல் கல்யாணம் நின்றது நம் தப்பால்தான் என்று ஊர் நினைக்கும் என்கிறார். உன்னால் அந்த வாசலை மிதிக்க முடியாது. எனக்கு இரண்டும் புரிகிறது. புரிந்து என்ன?

சரி, நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அங்கே அக்னி வளர்க்க முடியுமா? வாத்தியார் யார்? அம்மி மிதிக்க என்ன பண்ணுவாய்? அருந்ததி பார்க்க வேண்டும்.

அருந்ததி என்றதும் ஒன்று. என் கல்யாணத்தில் காலை ஒன்பதரைக்கு வாத்தியார் எங்களை மண்டபத்து வராந்தாவில் நிறுத்தி, வானத்தைக் காட்டி "தெரியறதா" என்றார். எதிரே தண்ணீர்த் தொட்டியும் வெயிலும்தான். அப்பா "தெரியறது" என்றார். நானும் "தெரியறது" என்றேன். கல்யாணம் ஆனபிறகு நான் சொன்ன முதல் வார்த்தை அது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் முப்பத்திரண்டு வருஷமாக அது எனக்குள் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் தெரியறது என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

அம்மா

*

சண்டிகர்
17-5-2025

அம்மா,

நீ வீடு வீடா போனது எனக்குத் தெரியாது. நான் அப்ப ரூம்லயே படுத்திருந்தேன். நீ சாப்பாடு கொண்டுவந்து வைப்பே, எடுத்துண்டு போவே. உன் செருப்பு தேஞ்சு போயிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு.

உன் கேள்விக்கு வரிசையா பதில். ஏரிக்கரையில நெருப்பு மூட்டக்கூடாது, அது வனவிலங்குக் காப்பகம். அதனால அக்னி கிடையாது. மூட்டினாலும் அந்தக் காத்துல நிக்காது. வாத்தியார் கிடையாது. அனிருத்தோட அம்மா புஷ்பம் ஆன்ட்டிகிட்ட கேட்டோம், "தாலி கட்டுறப்ப பெரியவங்க ரெண்டு பேரு பக்கத்துல நின்னா போதும்டா, மத்ததெல்லாம் அய்யருக்கு வேலை"ன்னாங்க. அவங்களுக்கு மூச்சுத் தொல்லை இருக்கு, அனிருத்தோட அப்பாவும் உயிரோட இல்லை. "பொண்ணு வூட்டுக்காரங்க ரெண்டு பேரும் போவட்டும், நான் போட்டோல பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. அம்மிக்குக் கவலைப்படாதே. அங்க கல்லைத் தவிர வேற எதுவுமே இல்லை.

அருந்ததி நிஜமாவே தெரியும் அம்மா. எந்த விளக்கும் இல்லாத வானம். பார்த்துட்டுச் சொல்லலாம்.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை, ஆனி பதிமூணு, வளர்பிறை. நீ சரிபார்த்துக்கோ. நீங்க இருபதாம் தேதி இங்க வந்துடணும். ஒரேயடியா மேல போனா தலைவலி, மூச்சுத் திணறல் எல்லாம் வரும். வழியில தங்கித் தங்கித்தான் போகணும். ஐம்பத்தஞ்சுக்கு மேல இருந்தா டாக்டர் சர்டிபிகேட் வேணும்னு டூர்க்காரன் சொல்றான். போன்ல சொன்னா ரெண்டு நிமிஷ விஷயம் இது. எழுதிப் பதினஞ்சு நாள் காத்திருக்கேன். இருந்தாலும் பரவாயில்லை.

சின்மயி

*

சேலையூர்
29-5-2025, வியாழன்

ஸ்ரீ

சின்மயிக்கு,

27ஆம் தேதி நாள் நன்றாக இருக்கிறது. அக்னி இல்லாமல் எப்படி என்று மூன்று நாள் யோசித்தேன். தண்ணீரும் சாட்சிதான். தாரை வார்ப்பது தண்ணீரில்தானே. அப்படி எண்ணிக்கொண்டேன்.

அந்த ஏரியிலிருந்துதான் பாண்டவர்களில் மூத்தவரைச் சொர்க்கத்துக்கு ரதம் வந்து அழைத்துப் போயிற்று என்று மேல் மாடி ஸஹானா போனில் பார்த்துச் சொன்னாள். சொர்க்கத்துக்கு ஏறின இடத்தில் போய்க் கல்யாணமா என்று முதலில் தோன்றியது. அப்புறம், போகிறவர்கள் போனார்கள், நாம் கீழே இறங்கிவிடுவோம் என்று விட்டுவிட்டேன்.

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் சண்முகம் ரோட்டில் ஜலால் கடைக்குப் போய் ஸ்வெட்டர் கேட்டேன். நாம் எப்போதும் பாவாடைத் துணி வாங்குவோமே, அந்தக் கடைதான். ஜலால் என்னைப் பார்த்தார், வெளியே ரோட்டைப் பார்த்தார். "அக்கா, வெளியில தார் உருகிகினு கீது. ஒனக்கு ஸ்வெட்டரா?" என்றார். மலைக்குப் போகிறேன் என்றேன். ஊட்டியா என்றார். அதற்கு மேலே என்றேன். "அதுக்கு மேல இன்னா கீது, வானம்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் பரண் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா. பாச்சை உருண்டை வாசனை. கடையிலேயே போட்டுப் பார்த்தேன். கரண்ட் போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் வேர்த்துக் கொட்ட, குல்லாவோடு நின்றேன். உன் கல்யாணத்துக்கு வாங்கின பட்டுப்புடவையைக் கட்டிப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. இதைப் போட்டுப் பார்த்தேன்.

தினமும் காலையில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறுகிறேன். கிழக்கிலிருந்து மேற்கே போய்த் திரும்பி வருகிறேன். மூச்சு வாங்கி எத்தனை தடவை நின்றேன் என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆபீஸ் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி, "மாமி, அந்தப் பக்கம் லிஃப்ட் இருக்கு" என்று இரக்கப்பட்டுச் சொன்னாள்.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது தாளை மட்டும் நாலாக மடித்து அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். மறுநாள் பார்த்தேன், கூட்டில் இல்லை. குப்பையிலும் இல்லை.

அம்மா

*

சண்டிகர்
5-6-2025

அம்மா,

நீ குல்லாவோட நின்னதைப் படிச்சு அனிருத் சிரிச்சான். நானும் சிரிச்சேன்னு நினைக்கறேன்.

ஒண்ணு சொல்லணும். நேத்து டூர்க்காரன் மீதிப் பணம் கேட்டு மெசேஜ் போட்டான். நான் பதில் போடலை. ரெண்டு சாட்சியும் இல்லாம, நான், அனிருத், ஒரு போட்டோக்காரன்னு அந்த ஏரிக்கரையில நின்னா அது உன் டிக்‌ஷனரி சொல்ற எலோப்மெண்ட்தான். அப்ப அப்பா சொன்னது சரின்னு ஆயிடும். அப்படி ஒண்ணு எனக்கு வேண்டாம். ரெண்டு பேர்ல ஒருத்தராவது வரலைன்னா இதை விட்டுடலாம்னு அனிருத்கிட்ட சொல்லிட்டேன். மண்டபத்துக்கும் வரமாட்டேன். எதுவும் வேண்டாம். இப்படியே இருந்துடறேன்.

அவன் தட்டைக் கழுவிட்டுப் போய்ப் படுத்துட்டான்.

உன்னைப் பயமுறுத்த எழுதலை. பதினஞ்சாம் தேதிக்குள்ள எனக்குத் தெரியணும். அதுக்காகத்தான்.

சின்மயி

*

சேலையூர்
13-6-2025, வெள்ளி

ஸ்ரீ

சின்மயிக்கு,

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். அதற்கு முன்னால் அப்பாவே உனக்கு மெசேஜ் அனுப்பியிருப்பார். என்ன நடந்தது என்று அவர் எழுதியிருக்க மாட்டார், நான் எழுதுகிறேன்.

நேற்று கேம்ப் ரோடு டாக்டரிடம் சர்டிபிகேட்டுக்குப் போனேன். அப்பாவிடம் ரத்தப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன். கூப்பிடாமலே கூட வந்தார். ஹீமோகுளோபின் எட்டு என்று வந்தது. அதைக்கூட டாக்டர் பெரிதாகச் சொல்லவில்லை. படியெல்லாம் ஏறுவீர்களா என்று கேட்டார். நான் பெருமையாக நோட்டை எடுத்துக் காட்டினேன். முதல் வாரம் இரண்டு தடவை நின்றேன், இரண்டாவது வாரம் மூன்று, இந்த வாரம் ஐந்து. நான் தினமும் எழுதினேனே ஒழிய, கூட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார். "பதினாலாயிரம் அடிக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

கையில் நோட்டு இல்லாமல் போயிருக்கலாம். தப்பாக எழுதிப் பழக்கமில்லை. என்ன பண்ணுவது?

பதினாலாயிரம் அடி என்று டாக்டர் சொன்னதை அப்பா கேட்டார். எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறினோம். சேலையூர் ஏரியைத் தாண்டினோம். எனக்கு அழுகையும் வரவில்லை. காற்று சூடாக முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். அப்பா சட்டைப் பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்தார். ஒரு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது, வேர்வையில் நைந்துபோய். பிரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அங்க குளிருமா?"

குளிரும் என்றேன்.

"உன் ஸ்வெட்டர் எனக்கு ஆகுமா?"

பெரிய சைஸ்தான் வாங்கினேன் என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். சாயங்காலம் அவர் தனியாகப் போய் அதே டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வந்தார். மண்டபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீயும் கேட்காதே.

ஸ்டீல் டப்பாவில் மஞ்சள் கயிறு, திருமாங்கல்யம், அட்சதை, சின்னப் பொட்டலத்தில் குங்குமம் எல்லாம் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் காலையில் காபிக்கு முன்னால் மாத்திரை. கேட்டால் போட்டுக்கொண்டேன் என்பார், டப்பாவைத் திறந்து எண்ணிப் பார். அருந்ததி பார்க்கும்போது எனக்கும் சேர்த்துப் பார். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லு.

அம்மா

*

சேலையூர்
28-6-2025, சனி

ஸ்ரீ

சௌபாக்கியவதி சின்மயிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உன் போன் வந்தது. திரையில் உன் பெயர். கீழே சிக்னல் கிடைக்கிற காஜா ஊருக்கு வந்துவிட்டீர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதனால்தான் கூப்பிடுகிறாய் என்று புரிந்தது. நான் எடுக்கவில்லை. அப்பா கிளம்புகிற அவசரத்தில் மாத்திரை, மப்ளர், ஆதார் கார்டு எல்லாம் கேட்டார். பேசலாம் என்று சொல்ல மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம். வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. கேட்டு வாங்குகிற வார்த்தை இல்லை அது என்று இருந்துவிட்டேன்.

போன் மூன்று தடவை அடித்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நடுங்கிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. அப்புறம் அப்பா எண்ணிலிருந்து வந்தது. எடுத்தால் நீதான் பேசுவாய் என்று அதையும் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. விளக்கு முன்னால் சொன்னது.

நேற்று முழுக்க என்ன பண்ணினேன் என்று எழுதுகிறேன். காலையில் பாயசம் வைத்தேன். ஸஹானா வீட்டுக்குக் கொடுத்தேன். எதற்கு மாமி என்றாள், சின்மயிக்குக் கல்யாணம் என்றேன். எப்போது என்றாள், இப்போது என்றேன். தம்ளரை வைத்துக்கொண்டு விழித்தாள்.

ராத்திரி எட்டு மணிக்கு அவளோடு மொட்டை மாடிக்குப் போனேன். மேகம் பாதி, ரோட்டு விளக்கு பாதி. ஏர் ஃபோர்ஸ் பக்கம் வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. ஸஹானா போனில் ஏதோ திறந்து வடக்கே தூக்கிப் பிடித்தாள். போனுக்குள் வானம் கறுப்பாக, நட்சத்திரமெல்லாம் கோடு போட்டுப் பெயரோடு இருந்தது.

"இதோ மாமி, அருந்ததி. தெரியுதா?"

நான் போனுக்கு வெளியே பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"தெரியலை" என்றேன்.

"ஐயோ, போன்ல பாருங்க மாமி, இதோ இருக்கே."

"போன்ல இருக்கு. வானத்துல தெரியலைம்மா."

அவளுக்கு நான் ஏன் அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று புரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். மேகம் விலகவில்லை. இறங்கி வந்து சாதம் வடித்தேன். ஒருத்திக்கு மட்டும் வடிக்க அளவு தெரியவில்லை, மிஞ்சிவிட்டது.

அம்மா

*

காஜா, 28-6-2025
(அப்பா கையில் கொடுத்தனுப்பறேன்)

அம்மா,

நாலு தடவை கூப்பிட்டோம். நாலாவது தடவை நீ எடுக்காதபோது அப்பா, "தூங்கறாளோ"ன்னார். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. "அப்பா, அம்மாகிட்ட பேசலாம்னு சொன்னீங்களா"ன்னு கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வச்சார். "சொல்லலையா?"ன்னார். போன்ல சொல்லுங்கன்னேன், எடுத்தாத்தானே சொல்ல. மெசேஜ் போடுங்கன்னேன். "பெருமாள் முன்னாடி வாங்கினதை மெசேஜ்ல திருப்பித் தர முடியுமா"ன்னு கேட்டார். நீங்க ரெண்டு பேரும் எப்படி முப்பத்திரண்டு வருஷம் இருக்கீங்கன்னு இப்பத் தெரியறது.

ஏர்போர்ட் கதையை அப்பா சொல்ல மாட்டார். அந்த ஸ்டீல் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கான் செக்யூரிட்டிக்காரன். மஞ்சள் கயிறு, அரிசி, குங்குமம். எதுக்குன்னு கேட்டிருக்கான். அப்பா நிமிர்ந்து நின்னு "எலோப்மெண்ட்"னு சொல்லியிருக்கார். அவன் அப்பாவை மேலயும் கீழயும் பார்த்துட்டு "உங்களுக்கா சார்"னானாம்.

வண்டி நிக்கற இடத்துல இருந்து ஏரிக்கு நடக்கணும். அப்பா பத்தடிக்கு ஒரு தடவை நின்னார். உன் குல்லாவும் உன் ஸ்வெட்டரும். காத்து அப்படி அடிச்சுது. அப்பா காத்துக்கு முதுகைக் காட்டி, டப்பாவை மார்போட அணைச்சுண்டு நின்னார். அனிருத் கட்டினான். விரல் விறைச்சு மூணாவது முடிச்சு விழ ரொம்ப நேரம் ஆச்சு. தட்டையா ஒரு கல்லு மேல காலை வச்சேன். அப்பா அட்சதை போட்டார், பாதி தண்ணியில விழுந்தது. போட்டோக்காரன், கயிறு சரியா விழலை, இன்னொரு தடவை கட்டற மாதிரி நில்லுங்கன்னான். அப்பா அவன் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல, "நோ. ஒன் டைம் ஒன்லி"ன்னார். அவ்வளவுதான் நேத்து அவர் சத்தமா பேசினது.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடாரத்துக்கு வெளியில நின்னோம். நான் தேடறதுக்குள்ள அப்பாவே கண்டுபிடிச்சுட்டார். வால் மாதிரி இருக்கற மூணுல நடுவுல வசிஷ்டர், அதை ஒட்டிச் சின்னதா அருந்ததி. தெரிஞ்சுது அம்மா. நிஜமாவே தெரிஞ்சுது. அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "எங்க கல்யாணத்துல தெரியலை"ன்னார். அம்மா தெரியறதுன்னாளேன்னு கேட்டேன். "நான் தெரியறதுன்னேன், அதனால அவளும் சொன்னா"ன்னார். அப்புறம் உள்ள போய்ப் படுத்துட்டார்.

சந்தோஷமா இருந்தியான்னு நீ கேட்க மாட்டே. ஆனா சொல்றேன். காலையில மறுபடியும் தண்ணியில இறங்கினேன். கால் மரத்துப்போச்சு. வெளியில வந்து ஒரு மணி நேரத்துல சரியாயிடுச்சு. விண்விண்ணுன்னு வலிச்சுது. அந்த வலி நல்லா இருந்தது.

மாத்திரை எண்ணினேன். ஒண்ணு விட்டிருக்கார்.

சின்மயி

*

சேலையூர்
3-7-2025, வியாழன்

ஸ்ரீ

சௌபாக்கியவதி சின்மயிக்கு,

நேற்று மத்தியானம் அப்பா வந்து சேர்ந்தார். முகம் கறுத்து, மூக்கு மேல் தோல் உரிந்திருக்கிறது. வந்ததும் பையைக் கீழே வைக்கவில்லை. செருப்போடு நாலடி உள்ளே வந்துவிட்டு, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். கை கால் கழுவினார். பெருமாள் முன்னால் போய் நின்றார். விளக்கு அணைந்திருந்தது, நான் ஏற்றுகிற வரைக்கும் காத்திருந்தார்.

"பேசு" என்றார்.

சரி என்றேன். அப்புறம்தான் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே போய் ஸ்வெட்டரை மடித்துப் பீரோவில் வைத்தார். பாச்சை உருண்டை எங்கே என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பத்திரிகைக் கட்டை இழுத்து வெளியே வைத்தார். சாயங்காலம் பழைய பேப்பர்காரர் வந்தபோது அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

மொட்டை மாடியில் எனக்குத் தெரியவில்லை என்றதை அவரிடம் சொன்னேன். "உனக்கு எப்பவுமே தெரியலையா?" என்றார். எப்பவுமே தெரியலை என்றேன். தலையை ஆட்டினார். டிசம்பரில் திருநீர்மலை ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்போது அந்த நட்சத்திரம் விடியற்காலையில்தான் வரும் என்று ஸஹானா சொல்கிறாள். எதுவானாலும் முதலில் ரத்தம் ஏற வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன்.

நேற்று ராத்திரி போனை எடுத்து உன் பெயரை அழுத்தப் போனேன். மூன்றரை மாதம் கழித்து முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறாயா என்றால் அது என்ன கேள்வி? வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்துவிடாது, தெரியும். முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் படி. ஒருவேளை போனில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால், சொல்ல இருந்தது இதுதான்.

கடையில் புதிதாக வாங்கின தாள் இது. திருப்பிப் பார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

அம்மா